மந்திரிச்ச படகில் ரம்பம் வச்ச கதை

படகுல சீட் எதுக்கு? உட்காருறதுக்குன்னு எவன்டா உங்களுக்குச் சொன்னான்?

அந்த வீடியோவைப் பார்த்ததும் என் வாயிலேர்ந்து முதல்ல வந்தது இதுதான். அண்ணாமலை நகர்ல மக வீட்டு ஹால்ல உட்கார்ந்து கத்துறேன், பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா ஜன்னலைச் சாத்திட்டாங்க. எங்க பழைய பட்டறைப் பசங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தானுங்க. கடலூர் முதுநகர் பக்கம் பழைய பைபர் படகு ஒன்னு மணல்ல, நல்ல வெயில்ல கிடக்குது. உள்ள இருந்த சீட் அத்தனையும் ஒரேயடியா பேர்த்து வெளிய எறிஞ்சாச்சு. குறுக்க ஒரு முட்டு இல்ல, அடியில அண்டக் கொடுக்க ஒரு மணல் மூட்டை இல்ல. குடலெடுத்த மீன் மாதிரி வாயைப் பொளந்துகிட்டு கிடக்குது. அதுக்கு மேல எழுத்து ஓடுது: 'ஒரே நாளில் புது சீட்!' கீழ கைதட்டுற பொம்மை, நெருப்பு பொம்மைன்னு வரிசையா. ஒருத்தன் மட்டும் என்னைக் கேட்டிருந்தான்: 'சவரியண்ணே, நீங்க இதே வேலையை ஒரு வாரத்துக்கு மேல இழுப்பீங்களே, ஏன்?'

இழுப்பேனாம். கேட்டான் பாருங்க கேள்வி! எனக்கு ஃபோன்ல தட்டத் தெரியாது, அதனால காகிதத்துல எழுதுறேன். மக போட்டோ புடிச்சு அனுப்பட்டும். படிக்கிறவன் படிக்கட்டும், நெருப்பு பொம்மை போடுறவன் போடட்டும்.

குறுக்க போற சீட் இருக்கே, அதுதான் படகோட ரெண்டு பக்கத்துச் சுவரையும் புடிச்சு நிறுத்துற கை. பைபர் சுவரு மெல்லிசு. உள்ள வலை, மீனு, ஆளு. வெளிய அலை. அந்தக் கை இல்லேன்னா சுவரு விரியும், இல்லாட்டி ஒடுங்கும். அதுலயும் உப்பும் வெயிலும் தின்ன பழைய படகுன்னா கேக்கவே வேணாம், சீட்டையெல்லாம் எடுத்துட்டு வெயில்ல போட்டா ஒரே பகல்ல கோணிக்கும். கோணின வடிவத்துலயே புது சீட்டை ஒட்டிட்டா அந்தக் கோணல் காலத்துக்கும் நின்னுடும். அப்புறம் படகு ஒரு பக்கமா இழுக்குதுன்னு எஞ்சின் மெக்கானிக்கைப் போட்டுத் திட்டுவானுங்க. இது சீட்டோட முதல் வேலை. ரெண்டாவது வேலை சீட்டுக்குள்ள இருக்கு. சீட்டுங்கிறது ஒரு பெட்டி. அதுக்குள்ள மெதக்குற சரக்கு அடைச்சிருக்கணும். அலை வாரி இறைச்சு படகு ரொம்பிப் போனாலும் அடியில போவாம நிக்கிறது அதாலதான். உட்காருறதெல்லாம் மூணாம்பட்சம். மீன் புடிக்கப் போறவன் எங்க உட்காருறான்? அது மேல ஏறி நின்னுதான் வலை இழுக்குறான்.

இதை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லலை. மரப்படகு போயி பைபர் வந்துகிட்டிருந்த சமயத்துல பட்டறையில சேர்ந்தேன். கண்ணாடி நார் மேட்டை வெட்டினேன், பிசின் கலக்கினேன், உடம்பெல்லாம் அரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த வருஷங்களைப் பத்திச் சொல்ல வேற ஒன்னுமில்ல. கோவிந்தசாமி மேஸ்திரியைப் பத்திதான் சொல்லணும்.

காடாம்புலியூர்க்காரரு. முந்திரியும் பலாவும் வச்சிருந்த விவசாயக் குடும்பம். கடல்ல கால் வச்சா வாந்தி எடுப்பாரு. உப்பனாத்துல கட்டியிருக்கிற படகுல ஏறினாக்கூட மூஞ்சி வெளுத்துடும். எங்க ஆளுங்க சிரிப்பாங்க, அவரு காதுலயே வாங்கிக்க மாட்டாரு. சாதாரணமா எங்களை "டேய்"ன்னுதான் கூப்பிடுவாரு. "டேய் சவரி, டீ சொல்லுடா"ன்னா மனுஷன் சந்தோஷமா இருக்காருன்னு அர்த்தம். கோவம் வந்துச்சோ, "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. அந்த 'ங்க' காதுல விழுந்தா பட்டறையே கப்சிப்.

சீட் மாத்த பழைய படகு வந்தா அவரு முதல்ல ரம்பத்தைக் கேக்க மாட்டாரு, மூங்கிலைக் கேப்பாரு. படகை நிழல்ல, மணல் மூட்டை மேல அசையாம உட்கார வச்சு, ஒவ்வொரு சீட்டுக்கு நேராவும் இந்த விளிம்புலேர்ந்து அந்த விளிம்புக்கு ஒரு மூங்கில் குச்சி அளவா வெட்டச் சொல்லுவாரு. உள்ள வச்சா இறுக்கவும் கூடாது, விழவும் கூடாது. அந்தக் குச்சிதான் சாட்சி. அப்புறம் குறுக்க ரீப்பர் கட்டை போட்டு ரெண்டு பக்கமும் கிளாம்ப் பூட்டணும். அதுக்கு அப்புறம்தான் ரம்பம். ஒரு சீட்டை எடுத்தா அதைப் போட்டு முடிச்சு, காய்ஞ்சு, குச்சியை வச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த சீட்டுல கை வைக்கணும்.

ஒரு தடவை ஸ்டீபன் அவசரப்பட்டுட்டான். என்கூட சேர்ந்தவன்தான், கை சுறுசுறுப்பு, வாய் அதைவிட. மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்துல, முதல் சீட்டே காயாத படகுல ரெண்டாவதையும் அறுத்து எடுத்துட்டான். அவரு திரும்பி வந்து பார்த்தாரு. குச்சியை எடுத்து வச்சாரு. சுவரு விரிஞ்சு போயிருந்துச்சு, அது லொடக்குன்னு கீழ விழுந்துச்சு. "ஸ்டீபன் சார், கொஞ்சம் இங்க வர்றீங்களா?" நாங்கல்லாம் கையில இருந்ததைக் கீழ வச்சுட்டோம். "இந்தக் குச்சி விழாம நீங்களே புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் ரசம் சாதம் சாப்பிடாம வந்துட்டேன், போயிட்டு வந்துடறேன்." போனவரு லேசுல வரலை. ஸ்டீபன் அந்தக் குச்சியைப் புடிச்சுக்கிட்டு, அவமானத்துல மூஞ்சி செவந்து நின்னான். ஆனா கத்துக்கிட்டானான்னு கேட்டா, அதுதான் இல்ல. மேஸ்திரி வேலையை விட்டுட்டு ஊருக்குப் போனப்புறம் பட்டறையைக் கான்ட்ராக்ட் எடுத்தது அவன்தான். அன்னிலேர்ந்து அவனுக்கு 'ஒரு நாள் ஸ்டீபன்'னு பேரு. அந்தப் பேரை அவன் பெருமையா சொல்லிக்குவான். பசங்க குரூப்புல போட்ட வீடியோவை எடுத்ததும் அந்தப் புண்ணியவான்தான்.

இப்ப ஆரோக்கியம் படகு விஷயத்துக்கு வர்றேன், பல வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. ஆரோக்கியம் என் பொண்டாட்டி பிலோமினாவோட தம்பி. எனக்கு மச்சான். அவன் படகு பழசு, சீட்டெல்லாம் இத்துப்போயி கால் வச்சா அமுங்குது. தடைக்காலம் முடியப் போவுது, கடலுக்கு இறங்கணும். நான் அப்போ சிதம்பரத்துக்குக் கிழக்க கிள்ளையில ஒரு படகுக்கு வேலை பார்த்துகிட்டிருந்தேன். "கொஞ்சம் பொறு மச்சான், இதை முடிச்சுட்டு வந்து ஒழுங்கா போட்டுத் தர்றேன்"ன்னு சொன்னேன். சரி மாமான்னு தலையாட்டினான். ஆட்டிட்டுப் போயி ஸ்டீபன்கிட்ட கொடுத்துட்டான். மாமன் பொறுக்கச் சொன்னான், ஒருத்தன் ஒரே நாள்னான், பய அங்க ஓடிட்டான்! எனக்குத் தெரிஞ்சது, படகு மந்திரிக்கிறோம் வாங்கன்னு பிலோமினாவுக்கு ஃபோன் வந்தப்போதான்.

எங்க ஆளுங்களுக்கு இது பெரிய நாள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, படகு முழுக்க தீர்த்தம் தெளிப்பாரு. அதுக்கப்புறம் முதல் நடை போயி, முதல் மீன்ல கோயில் பங்கைக் கொடுக்கிற வரைக்கும் அந்தப் படகு மேல ரம்பமோ உளியோ படக்கூடாது. ஆணி அடிச்சாலும் குத்தம். திருச்சபைச் சட்டத்துல இப்படி ஒன்னும் கிடையாது. எங்க கரையில இருக்கு, அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள தீர்த்தம் தெளிச்சு முடிச்சிட்டாங்க. சுண்டல் கொடுத்துகிட்டிருக்காங்க. பட்டறை வாசல்ல, கரையிலயே, படகு பளபளன்னு நீலமும் வெள்ளையுமா நிக்குது. வெறும் கையோட நின்னா எனக்கு ஒரு பழக்கம், பக்கத்துல எது இருந்தாலும் விரல் முட்டியால தட்டுவேன். நடு சீட்டைத் தட்டினேன். சரக்கு அடைச்ச சீட் 'தொப்'புன்னு சொல்லணும். இது 'டங்கு'ன்னுச்சு. முன் சீட்டைத் தட்டினேன், டங்கு. பின் சீட், டங்கு.

ஸ்டீபன் அங்கதான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு நின்னான். "உள்ள என்னடா அடைச்ச?"ன்னேன்.

"தெர்மாகோல்ண்ணே. நல்ல கெட்டிச் சரக்கு. டிவி கடையிலேர்ந்து வாங்கியாந்தது."

"பாலித்தீன்ல சுத்துனியா?"

"அதெல்லாம் எதுக்குண்ணே, மேலயே மேட்டைப் போட்டு பிசினை ஊத்திட்டேன். கெட்டியா புடிச்சிக்கிச்சு பாருங்க."

பைபர் வேலை தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நாங்க பூசுற பிசின் பட்டா தெர்மாகோல் கரைஞ்சு போயிடும். வெந்நியில சக்கரை கரையிற மாதிரி. அதனாலதான் குளிர்ப்பெட்டிச் சுவருக்குள்ள அடைக்கிற மஞ்சக் கட்டியைப் போடுவோம், பஃப்னு பேரு, அதை இந்தப் பிசின் தின்னாது. ஸ்டீபன் ஊத்தின பிசின் மேல ஓடு மாதிரி காய்ஞ்சு நின்னுடுச்சு, அடியில இருந்த சரக்கு மாயமாப் போச்சு. காத்து இருந்தாலும் மெதக்குந்தானேன்னு கேப்பீங்க. ஓட்டை விழாத வரைக்கும் மெதக்கும். ஆனா அடியில தாங்குறதுக்கு ஒன்னுமில்லாத ஓட்டு மேல ஏறி நின்னு ஆளு வலை இழுத்தா எத்தனை நாளைக்கு விரிசல் விடாம இருக்கும்? விரிசல் விட்டா மூணு சீட்டும் மூணு தண்ணித் தொட்டி. அலை ஏறுச்சுன்னா படகு கல்லாட்டம் போகும், ஆரோக்கியமும் கூடப் போவான். மறுநாள் விடியறதுக்கு முன்னால அவன் கடலுக்குப் போறதா இருந்தான்.

தனியா கூப்பிட்டுத்தான் சொன்னேன். சத்தம் போடலை, மாதா மேல ஆணையா சொல்றேன். "மச்சான், சீட்டெல்லாம் வெத்துடா. நாளைக்குப் போவாத."

அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "உன்கிட்ட கொடுக்கலைன்னு உனக்கு எரியுது, இல்ல?"

மாமா, வாங்க போங்கன்னு பேசினவன். அன்னிக்கு 'நீ'ன்னுட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "எரியுதுடா, ஆமா எரியுது! நீ செத்தா என் பொண்டாட்டி தாலியறுத்தவ மாதிரி ஒப்பாரி வைப்பா, அதை நான்தான உட்கார்ந்து கேக்கணும்? ரம்பத்தைக் கொண்டாங்கடா, அறுத்துக் காட்டுறேன்!"

அவ்வளவுதான், கரையே எழுந்திரிச்சுடுச்சு. மந்திரிச்ச படகுல ரம்பம் வைப்பானாம்! நல்ல நாள்ல சாவைப் பேசுறான்! இவன் வாயில கொள்ளியை வைக்க! மாமியார் மண்ணை வாரித் தூத்த ஆரம்பிச்சிட்டாங்க. சாமியார் பாவம், நல்ல மனுஷன். "இதுல ஒரு தப்பும் இல்லம்மா. தாராளமா அறுத்துப் பாருங்க, நான் இன்னொரு தடவை வந்து மந்திரிக்கிறேன்"ன்னு சொன்னாரு. அதுக்கு ஒரு பெரியவரு சொல்றாரு, "சாமி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க சும்மா இருங்க." மந்திரிச்சவருக்கே தெரியாதாம்! கேட்டுக்கிட்டு நின்னவனுங்க ஒருத்தன்கூட சிரிக்கலை.

கூட்டத்துல ஒரே ஒரு ஆளுதான் யோசிச்சுது. ஆரோக்கியத்தோட பொண்டாட்டி செல்வி. சுண்டல் வாளியைக் கீழ வச்சுட்டு ஸ்டீபன்கிட்ட நேரா போச்சு.

"ஸ்டீபன் அண்ணே, நீங்க போட்ட சீட் நல்லாயிருக்குதானே?"

"கண்ணை மூடிக்கிட்டு போவலாம்மா."

"அப்போ நாளைக்கு நீங்களும் அதுல போயிட்டு வாங்க. நடு சீட்ல உட்கார்ந்துக்குங்க."

ஸ்டீபன் சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. "எனக்கு நாளைக்கு வேலை இருக்கும்மா"ன்னான்.

செல்வி விறுவிறுன்னு பட்டறைக்குள்ள போயி தானே ரம்பத்தை எடுத்தாந்து என் கையில கொடுத்துச்சு. "அறுங்கண்ணே. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

அறுத்தேன். நடு சீட்டோட மேல்தோலு பப்படம் மாதிரி வந்துடுச்சு. உள்ள ஒன்னுமே இல்ல. அடியில மட்டும் உருகின மெழுகு காய்ஞ்ச மாதிரி ஒரு பொருக்கு ஒட்டியிருந்துச்சு, பிசின் வாடை மூக்கைத் துளைச்சுது. கையை உள்ள விட்டுத் துழாவிக் காட்டினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க.

பார்த்துட்டு என்ன பண்ணாங்கன்னு நினைக்கிறீங்க? ஸ்டீபன் சட்டையைப் புடிச்சாங்களா? ஒரு சொல் கேட்டாங்களா? அவன் "சரக்கு கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்"னு சொன்னான், எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. என்னைப் பார்த்து, "முதல் நடைக்கு முன்னாடியே ரம்பம் வச்சுட்டான், இந்தப் படகு இனி உருப்படுமா"ன்னாங்க. ஆரோக்கியம், தன் உசிரைக் காப்பாத்தினவன் கண்ணு முன்னாடி நிக்கிறேன், "இனிமே என் வாசப்படி மிதிக்காத"ன்னான். அடப் பாவி!

செல்விதான் விடலை. மூணு சீட்டையும் நான்தான் போட்டேன். பசங்களுக்குச் சொல்றேன், நான் எதுக்கு 'இழுத்தேன்'னு தெரிஞ்சுக்குங்க. மூங்கில் வெட்டினேன், முட்டு பூட்டினேன், ஒவ்வொன்னா எடுத்தேன். ஸ்டீபன் போட்ட சீட்டைச் சுவரு ஓரத்துல ஒட்ட அறுக்காம ரெண்டு விரக்கடை விட்டு அறுத்தேன், இல்லேன்னா ரம்பம் படகுத் தோலையே கீறிடும். மிச்சத்தை மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு கிரைண்டர்ல தேய்ச்சு எடுத்தேன். நல்ல தண்ணியில கழுவி, உப்பு போக்கி, நல்லா காய விட்டேன். ஈரத்து மேல ஒட்டினது என்னிக்கும் ஒட்டாது. மெரைன் பிளைவுட்டை வெட்டி, அறுத்த ஓரத்துக்கெல்லாம் முதல்ல பிசின் குடிக்கக் கொடுத்தேன், தண்ணி உள்ள இறங்குறது அந்த ஓரத்துலதான். பலகையைச் சுவருல முட்ட வைக்கலை, மயிரிழை இடம் விட்டு அந்தச் சந்தைப் பிசின் பட்டியால வளைவா நிரப்பினேன். முட்டினா அலை அடிக்கிற ஒவ்வொரு அடியும் அந்த ஒரே இடத்துல விழுந்து சுவரு வெடிச்சிடும். அது மேல மேட், ஒன்னைவிட ஒன்னு அகலமா. உள்ள பஃப், சந்து இல்லாம. படகைத் துளைச்சு ஒரு போல்ட்டு போடலை. பிசினை இறுக வைக்கிற ரெண்டு மருந்து, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும், எப்பவும் போல தனித்தனியாத்தான் பிசின்ல சேர்த்தேன், ரெண்டையும் நேரா கலந்தா பட்டறையே பத்திக்கும். குச்சியை வச்சுப் பார்த்தேன், இறுக்கவும் இல்ல, விழவும் இல்ல. கடைசியா உப்பனாத்துல தள்ளி, விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பி, சமமா மெதக்குதான்னு பார்த்தேன். மேஸ்திரி இப்படித்தான் பார்ப்பாரு, கரையில நின்னுகிட்டு, வாயில துண்டை வச்சுக்கிட்டு. ஆரோக்கியம் ஒரு நாளும் எட்டிப் பார்க்கலை.

சாமியார் சொன்னபடி வந்து மறுபடி மந்திரிச்சாரு. படகு போச்சு. அடுத்த காத்துக் காலத்துல, கரை திரும்பும்போது முகத்துவாரத்துல அலை பின்பக்கமா ஏறி படகு பூரா ரொம்பிடுச்சு. எஞ்சின் அணைஞ்சு போச்சு. ஆரோக்கியமும் கூடப் போன ரெண்டு பேரும் நெஞ்சு வரைக்கும் தண்ணியில சீட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு கிடந்திருக்கானுங்க. படகு அடியில போவலை. இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்துட்டு வர்ற வரைக்கும் அப்படியே மெதந்துச்சு.

அதுக்கு நன்றிப் பூசை வச்சாங்க. ரெண்டாவது தடவை மந்திரிச்சதாலதான் மாதா காப்பாத்துனாங்கன்னு மைக்குல சொன்னாங்களாம். முன் வரிசையில ஸ்டீபன் உட்கார்ந்திருந்தானாம். பிலோமினா மட்டும் போயிட்டு வந்து சொன்னா. மாதா காப்பாத்துனாங்க, சரி, நான் மறுக்கலை. நானும் தினம் ஜெபமாலை சொல்றவன்தான். ஆனா பஃப் அடைச்சது மாதா இல்ல, நானு! அதை ஒரு வாய் சொன்னா கொறைஞ்சா போயிடுவாங்க? அன்னிலேர்ந்து கல்யாணமோ சாவோ, அவன் வீட்டுக்கு பிலோமினா தனியாத்தான் போறா. செல்வி மட்டும் திருநாளைக்குத் திருநாள் எனக்கு ஃபோன் போடும்.

இந்தக் காகிதத்தை இதோட முடிச்சிருப்பேன். நேத்து சாயங்காலம் காலிங்பெல் அடிச்சுது. கையில ஒரு பையில மீனு, ஆரோக்கியம் நிக்கிறான். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு.

"அக்கா, மாமா இருக்காரா?"

"ஏன், கண்ணு தெரியலையா? எதிர்லதான உட்கார்ந்திருக்காரு"ன்னா பிலோமினா.

தரையைப் பார்த்துகிட்டே பேசினான். "மாமா, இன்னொரு பழைய படகு வாங்கியிருக்கேன். சீட்டெல்லாம் இத்துப் போயிருக்கு."

"அதுக்கென்ன, ஒரே நாள்ல போட ஆளு இருக்கே. வீடியோ பாக்கலையா?"

"அவர்கிட்ட போனேன் மாமா. போட்டு முடிச்சதும் முதல் நடைக்கு நீங்களும் வாங்கன்னேன். மூட்டு வலி, படகுல ஏற முடியாதுன்னுட்டாரு." மீன் பையைக் கீழ வச்சான். "சாமியார்கிட்ட இன்னும் நாள் கேக்கலை. மந்திரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க வந்து தட்டிப் பாக்கணும்."

இத்தனை வருஷத்துக் கத்தலும் கழுத்து வரைக்கும் வந்து நின்னுச்சு. வாயைத் திறந்தேன். என்ன வந்துச்சு தெரியுமா?

"வாங்க ஆரோக்கியம், உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பிலோமினாவுக்கு மேஸ்திரி கதையெல்லாம் தெரியும். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சமையக்கட்டுக்குள்ள ஓடிட்டா. அவன் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நாற்காலி நுனியில உட்கார்ந்தான்.

"நான் வர்ற வரைக்கும் ஒரு சீட்டுலயும் கை வைக்காதீங்க. உங்க பக்கம் மூங்கில் கிடைக்குங்களா?"

"நாளைக்கே வெட்டி வைக்கிறேன் மாமா"ன்னான்.